விமான நிறுவன வவுச்சர் உண்மையில் லாபமா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முழுமையான வழிகாட்டி

தீபாவளி நெருங்கும்போதும் பள்ளி விடுமுறை தொடங்கும்போதும் விமான நிறுவனங்களின் மின்னஞ்சல்கள் வரிசையாக வந்து விழும். விமானப் பயணங்களிலும் கடன் அட்டைச் செலவிலும் சேர்ந்த புள்ளிகளைக் கொடுத்து 100 ரிங்கிட் வவுச்சர் பெற்றுக்கொள்ளலாம், ஒரு டிக்கெட் வாங்கினால் உடன் வருபவருக்கு இன்னொன்று இலவசம், அடுத்த பயணத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பட்டர்வொர்த்திலும் உள்ள நம் குடும்பங்கள் பல, தமிழ்நாட்டுப் பயணத்துக்கென்று மாதக்கணக்கில் பணம் சேர்க்கின்றன. அந்தப் பணத்தை எங்கே போடுவது என்ற முடிவை மின்னஞ்சலில் பெரிதாக அச்சிட்ட எண் எடுக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எல்லாக் கணக்குக்கும் அடித்தளம் ஒரே கேள்விதான். இந்த வவுச்சர் கையில் இல்லாவிட்டால் இதே பயணத்துக்கு நான் எவ்வளவு செலவு செய்திருப்பேன்? அந்தத் தொகையிலிருந்து, வவுச்சரைப் பயன்படுத்தியும் கையிலிருந்து போகும் பணத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் வவுச்சரின் மதிப்பு. போகவே நினைக்காத ஊருக்கு வவுச்சர் இருக்கிறதே என்று கிளம்பினால், அங்கே மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அது புதிய செலவு.

முதல் படி: கையில் இருப்பது எந்த வகை?

வவுச்சர் என்ற ஒரே பெயரில் பல சரக்குகள் உலவுகின்றன. குறிப்பிட்ட தொகையைக் கழித்துக்கொள்ளும் பண வவுச்சர் ஒன்று. விழுக்காட்டுத் தள்ளுபடி தருவது ஒன்று. உடன் பயணிக்கும் ஒருவருக்கு டிக்கெட் தருவது வேறொன்று. இருக்கையை எகானமியிலிருந்து பிசினஸ் வகுப்புக்கு உயர்த்திக்கொள்ள உதவுவது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு.

இவற்றோடு சேர்க்கவே கூடாத ஒன்றும் உண்டு. விமானம் ரத்தானாலோ வெகுநேரம் தாமதமானாலோ, திருப்பித் தர வேண்டிய பணத்துக்குப் பதிலாக நீட்டப்படும் வவுச்சர் அது. மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பில் செய்யப்பட்ட திருத்தம் 2024 செப்டம்பர் 2 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி விமானம் 5 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். 30 நாளுக்குள், நீங்கள் செலுத்திய அதே வழியில் பணம் திரும்பி வர வேண்டும். ஆகவே அப்படிப்பட்ட நேரத்தில் வவுச்சரை நீட்டினால் உடனே தலையசைக்காதீர்கள். அது உங்கள் பணம். கூடுதலாக ஏதாவது சேர்த்துத் தந்தாலன்றி, ரொக்கத்தை விட்டு வவுச்சரை எடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. இத்தகைய புகார்களை முன்பு மாவ்கோம் எனப்படும் மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம் கவனித்தது. 2025 ஆகஸ்டு முதல் அந்தப் பணி மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் சென்றுவிட்டது.

இரண்டாம் படி: நிபந்தனைகளைப் பேனாவோடு படியுங்கள்

சிறிய எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் கணக்குப் போடுவது வீண். எல்லாவற்றையும் வரிக்கு வரி படிக்க நேரமில்லையென்றால், பின்வருவனவற்றுக்கு மட்டுமாவது விடை கண்டுபிடித்து எழுதி வையுங்கள்.

காலாவதித் தேதி என்பது டிக்கெட் பதிவு செய்ய வேண்டிய கடைசி நாளா, பயணத்தையே முடித்திருக்க வேண்டிய நாளா? இரண்டுக்கும் இடையில் பல மாத வித்தியாசம் இருக்கலாம். வவுச்சர் அடிப்படைக் கட்டணத்தில் மட்டும் கழியுமா, வரிகளிலும் கழியுமா? ஒரே தடவையில் முழுவதையும் தீர்க்க வேண்டுமா, மீதி அடுத்த முறைக்கு நிற்குமா? உறுப்பினர் பெயரில்தான் டிக்கெட் இருக்க வேண்டுமா, வீட்டில் வேறொருவருக்கும் எடுக்கலாமா? மலிவான கட்டண வகைகளுக்குச் செல்லுமா? பள்ளி விடுமுறை, தீபாவளி, சீனப் புத்தாண்டு நாட்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்களா? பயணத்தை மாற்றினாலோ ரத்து செய்தாலோ வவுச்சர் திரும்பக் கிடைக்குமா?

கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. வயதான பெற்றோரோடு பயணம் செய்பவர்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அடிப்படைக் கட்டணத்தைப் பற்றி ஒரு சொல். பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு 159 ரிங்கிட் டிக்கெட் என்று வைத்துக்கொள்வோம். (இங்கே நான் தரும் கட்டணங்களும் புள்ளி எண்ணிக்கைகளும் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. நீங்கள் பார்க்கும் நாளின் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.) அதில் அடிப்படைக் கட்டணம் 118, மற்றவை 41. உங்களிடம் 150 ரிங்கிட் வவுச்சர் இருக்கிறது, ஒரு தடவைதான் செல்லும், அடிப்படைக் கட்டணத்தில்தான் கழியும். அப்படியானால் 118 மட்டும் கழியும், 32 ரிங்கிட் காற்றில் போகும், 41 ரிங்கிட்டை நீங்கள் கட்ட வேண்டும். 150 என்று அச்சிட்ட தாளின் மதிப்பு இந்தப் பயணத்துக்கு 118தான்.

மூன்றாம் படி: சரியான ஒப்பீட்டு விலையைக் கண்டுபிடியுங்கள்

எல்லாப் படிகளிலும் நேரம் கேட்பது இதுதான். கணக்குப் பிசகுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

வவுச்சரைத் தரும் நிறுவனத்தின் தளத்திலேயே முழு விலையைப் பார்த்து, அதிலிருந்து இவ்வளவு மிச்சம் என்று மகிழ்வது எளிது. அந்த முழு விலையை நீங்கள் கொடுத்திருப்பீர்களா என்பதுதான் கேள்வி. அதே நாளில், அல்லது உங்களுக்கு ஒத்துவரும் முந்தைய பிந்தைய நாட்களில், மற்ற நிறுவனங்கள் என்ன கேட்கின்றன என்று பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு மலேசியா ஏர்லைன்ஸும் ஏர் ஏசியாவும் பறக்கின்றன. பினாங்குவாசிகளுக்கு 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னைக்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. பினாங்கு விமான நிலையம் உள்ள பாயான் லெப்பாஸில் ஏறி நேரே சென்னையில் இறங்க வழி இருக்கும்போது, கேஎல்ஐஏ என்னும் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் வழியாகச் சுற்றிப் போகும் டிக்கெட்டுக்கான வவுச்சரை அந்த நேரடி டிக்கெட்டின் விலையோடுதான் ஒப்பிட வேண்டும். இடையில் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஒரே சரக்காக இருக்க வேண்டும். குறைந்த கட்டண விமானத்தில் பெட்டிக்குத் தனிக் கட்டணம், சாப்பாட்டுக்குத் தனிக் கட்டணம், இருக்கையைத் தேர்ந்தெடுக்கவும் தனிக் கட்டணம். திருச்சிக்குப் போகும் குடும்பம் கைப்பையோடு மட்டும் போய் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. போகும்போது மைலோ, பிஸ்கட், சித்தப்பாவுக்குத் தைலம். வரும்போது புடவை, மசாலாத்தூள், பலகாரம். ஆகவே 25 கிலோ பெட்டியின் கட்டணத்தை இரு வழிக்கும் சேர்த்த பிறகே விலையை எழுதுங்கள்.

விமான நிலையத்துக்குப் போய் வரும் செலவும் விலைதான். கே.எல். சென்ட்ரலிலிருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயிலில் ஒரு வழிக்கே 55 ரிங்கிட். பினாங்குக்கு இலவச டிக்கெட் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 55, வவுச்சரில் கழியாத கட்டணங்கள், பாயான் லெப்பாஸிலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு வாடகைக் கார் என்று எல்லாவற்றையும் கூட்டுங்கள். மறுபக்கத்தில், கே.எல். சென்ட்ரலில் இடிஎஸ் என்னும் மின்சார விரைவு ரயிலேறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த். அங்கிருந்து ஃபெரியில் தீவுக்குப் போய்விடலாம். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் சில வேளைகளில் மிகவும் சிறிது. அப்படியிருக்க அந்தப் பயணத்தில் வவுச்சரைக் கரைப்பது, அதைவிடப் பயனுள்ள இடத்தில் செலவிடும் வாய்ப்பை இழப்பதாகும். கிள்ளான், சுபாங் பக்கம் இருப்பவர்களுக்குச் சுபாங் விமான நிலையத்திலிருந்து பறக்கும் ஃபயர்ஃபிளை இன்னும் பக்கம். அதன் விலையும் உங்கள் தாளில் இருக்கட்டும்.

நான்காம் படி: இலவச டிக்கெட்டிலும் மறையாத கட்டணங்கள்

புள்ளிகளால் எடுக்கும் டிக்கெட்டாக இருந்தாலும் உடன் வருபவருக்கான இலவச டிக்கெட்டாக இருந்தாலும், வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் பெரும்பாலும் நீங்களே கட்ட வேண்டும். பயணிகள் சேவைக் கட்டணம், எரிபொருள் கூடுதல் கட்டணம் ஆகியவை அந்த வரிசையில் வரும். மலேசியாவின் புறப்பாட்டு வரியும் அதில் சேரும். 2019 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த இந்த வரி, ஆசியான் நாடுகளுக்கு எகானமியில் செல்வோருக்கு 8 ரிங்கிட், ஆசியானுக்கு வெளியே செல்வோருக்கு 20 ரிங்கிட். எகானமிக்கு மேற்பட்ட வகுப்பில் போனால் முறையே 50, 150. சென்னை ஆசியானுக்கு வெளியே என்பதால், புள்ளிகளைக் கொடுத்துப் பிசினஸ் வகுப்பில் ஏறினாலும் அந்த 150 ரிங்கிட்டுக்கு நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தின் கட்டணங்கள் தனி.

இறுதித் தொகையைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்ப்பதுதான். அட்டை எண்ணைத் தட்டுவதற்கு முன் நிறுத்திக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: ஒரு புள்ளி எத்தனை சென்?

புள்ளிகளைக் கொடுத்து வவுச்சரோ டிக்கெட்டோ வாங்கும்போது இந்தக் கணக்கு தேவை. வாய்பாடு எளிது. ரொக்கமாகக் கொடுத்திருக்கும் விலையிலிருந்து, புள்ளியோடு சேர்த்துக் கட்ட வேண்டிய ரொக்கத்தைக் கழியுங்கள். மிஞ்சும் ரிங்கிட்டை 100ஆல் பெருக்கிச் சென்னாக்கி, கொடுக்கும் புள்ளிகளால் வகுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. சென்னைக்கு ஒரு வழி டிக்கெட் 620 ரிங்கிட். புள்ளிகளால் எடுத்தால் 15,000 புள்ளிகளும் 110 ரிங்கிட்டும். மிச்சம் 510, அதாவது புள்ளிக்கு 3.4 சென். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே நாளில் நீங்கள் மனநிறைவோடு ஏறியிருக்கக்கூடிய வேறொரு விமானம், பெட்டியோடு சேர்த்து 430 ரிங்கிட். மூன்றாம் படியில் சொன்னபடி அதுதான் சரியான ஒப்பீட்டு விலை. இப்போது மிச்சம் 320, புள்ளிக்கு 2.13 சென். ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு விடைகள் வருகின்றன, இரண்டாவதை நம்புங்கள்.

அடுத்து அதே நிறுவனம் 5,000 புள்ளிக்கு 50 ரிங்கிட் வவுச்சர் தருகிறது என்றால், அது புள்ளிக்கு 1 சென். டிக்கெட்டாக மாற்றினால் 2.13 தரும் புள்ளியை வவுச்சராக மாற்றினால் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கிறது. பொருள் வாங்கும் வவுச்சர், பேரங்காடி வவுச்சர், சூட்கேஸ், காதொலிக் கருவி என்று புள்ளிகளைச் செலவழிக்க அழைக்கும் மற்ற வழிகளையும் இதே வாய்பாட்டில் போட்டுப் பாருங்கள். பொருளின் விலையை அங்கே காட்டியிருக்கும் எண்ணிலிருந்து எடுக்காமல், ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் கடையிலோ இணையத்திலோ விற்கும் விலையிலிருந்து எடுங்கள்.

கடன் அட்டைப் புள்ளிகளை விமானப் புள்ளிகளாக மாற்றுவோர் இன்னொரு கணக்கும் போட வேண்டும். மேபேங்கின் ட்ரீட்ஸ் புள்ளிகளைப் போன்றவற்றை மலேசியா ஏர்லைன்ஸின் உறுப்பினர் திட்டமான என்ரிச்சுக்கு மாற்றினால், பெரும்பாலும் திரும்ப மாற்ற முடியாது. மாற்றுவதற்கு முன் அந்த அட்டைப் புள்ளிகளுக்கு ரொக்கமாக என்ன கிடைக்கும் என்று பார்த்துவிட்டு, அதைவிட உயர்ந்தால் மட்டும் மாற்றுங்கள். எந்தப் பயணம் என்று முடிவாகும் முன், புள்ளிகளை முன்கூட்டியே மாற்றி வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

காலாவதி நெருங்கும் புள்ளிகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. என்ரிச் புள்ளிகளுக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்களுக்கும் பொதுவாக 3 ஆண்டு ஆயுள். அடுத்த மாதம் அழியப் போகும் புள்ளிகளை வைத்திருந்தால் பூஜ்யம்தான் மிஞ்சும். அப்போது புள்ளிக்கு 1 சென் தரும் வவுச்சரும் நல்ல வவுச்சரே, அதை நீங்கள் உண்மையில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால்.

ஆறாம் படி: உடன் வருபவருக்கு இலவசம் என்னும் வவுச்சர்

நம் குடும்பங்களை அதிகம் இழுப்பது இதுதான் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அண்ணிக்குக் கடன் அட்டை வழியாக அப்படியொரு வவுச்சர் வந்தது. "ஆயிரத்தைந்நூறு ரிங்கிட்டுக்கு மேல் மிச்சம் தம்பி, அண்ணனும் நானும் சென்னைக்குப் போய் வந்துவிடலாம்" என்றார். "அண்ணி, எந்தக் கட்டண வகையில் அது செல்லும் என்று முதலில் பார்ப்போம்" என்று சொல்லி, மேசையில் இருந்த மின்கட்டண பில்லைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினோம்.

மலிவான வகையில் அந்த வவுச்சர் செல்லாது. அது செல்லும் வகையில் போய் வர 1,650 ரிங்கிட். இரண்டாம் டிக்கெட்டுக்கு வரிகளும் கட்டணங்களும் 230. ஆக மொத்தம் 1,880. வவுச்சரே இல்லாமல் அதே விமானத்தின் மலிவான வகையில் ஒருவருக்கு 1,100, இருவருக்கு 2,200. மிச்சம் 320 ரிங்கிட். அடுத்து குறைந்த கட்டண விமானத்தைப் பார்த்தோம். பெட்டியோடு ஒருவருக்கு 820, இருவருக்கு 1,640. அதோடு ஒப்பிட்டால் வவுச்சரைப் பயன்படுத்த இன்னும் 240 ரிங்கிட் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும்.

அண்ணி சற்று நேரம் அந்தத் தாளையே பார்த்தார். "அண்ணனுக்கு முட்டிவலி, தேதி மாறினாலும் மாறும், மாற்றக்கூடிய டிக்கெட்தான் நமக்கு வேண்டும்" என்றார். அது மிகச் சரியான காரணம். வவுச்சர் செல்லும் உயர்ந்த வகையோடு வரும் தேதி மாற்றும் உரிமை அவர்களுக்கு 240 ரிங்கிட் பெறும் என்றால் அந்த வவுச்சர் நல்ல வவுச்சர். கணக்கின் வேலை அந்த விலையைக் கண்முன் வைப்பது. முடிவு அவர்களுடையது, இறுதியில் அவர்கள் வவுச்சரையே எடுத்தார்கள்.

மூன்று பேர், ஐந்து பேர் போகும் குடும்பங்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வவுச்சர் இருவரை உயர்ந்த கட்டண வகைக்கு இழுத்தால் மற்றவர்கள் வேறு பதிவில் போக வேண்டிவரும். ஒரு பதிவில் மாற்றம் வந்தால் மற்றது தானாக மாறாது. சிறு பிள்ளைகள் இருந்தால் இதைத் தவிர்ப்பதே நல்லது.

ஏழாம் படி: இருக்கை உயர்த்தும் வவுச்சர்

இதற்குக் கணக்கு குறைவு, நேர்மை அதிகம் தேவை. எகானமிக்கும் பிசினஸுக்கும் உள்ள விலை வித்தியாசம் 2,000 ரிங்கிட் என்பதால் வவுச்சர் 2,000 பெறும் என்று சொல்ல முடியாது. நான்கு மணி நேரச் சென்னைப் பயணத்தில் அகலமான இருக்கைக்கு உங்கள் கையிலிருந்து எவ்வளவு கொடுப்பீர்கள்? 200 என்றால் அதன் மதிப்பு 200. இருக்கை உறுதியாகும் நாளையும் பாருங்கள். பயணத்துக்கு முதல் நாள் வரை காத்திருக்க வைக்கும் வவுச்சருக்கு நான் பாதி மதிப்பே போடுவேன்.

எட்டாம் படி: பயன்படுத்தாமல் போகும் ஆபத்துக்குக் கழிவு

கையில் இருக்கும் பணத்தை எங்கும் செலவழிக்கலாம். வவுச்சரை ஒரு நிறுவனத்தில், ஒரு காலத்துக்குள், சில தேதிகளில் மட்டும் செலவழிக்கலாம். ஆகவே முகமதிப்பில் ஒரு பகுதியைக் கழித்தே ஆக வேண்டும்.

கழிவை இப்படி முடிவு செய்யுங்கள். டிக்கெட் வாங்கும் தேதியே முடிவாகியிருந்தால் கழிவு தேவையில்லை. போவது உறுதி, தேதி தெரியாது என்றால் கால் பங்கைக் கழியுங்கள். போனாலும் போவோம் என்ற நிலை என்றால் பாதியைக் கழியுங்கள். இந்த விகிதங்கள் என் அனுபவத்தில் நான் வைத்துக்கொண்டவை. உங்கள் வீட்டின் பழக்கத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

தைப்பூசத்துக்குப் பினாங்குக்கும் தீபாவளிக்கு ஊருக்கும் மட்டுமே பறக்கும் வீடுகள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும் அந்த நாட்களில்தான் புள்ளிகளால் எடுக்கக்கூடிய இருக்கைகள் முதலில் தீரும், நிபந்தனைகளும் இறுகும். வவுச்சரை மாற்றிக்கொள்ளும் முன்பே, நீங்கள் போக நினைக்கும் தேதியில் இருக்கை காட்டுகிறதா என்று தேடிப் பாருங்கள். காட்டாவிட்டால் மாற்றாதீர்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் பிறர் விற்கும் வவுச்சர்களையும் விட்டுவிடுங்கள். பெரும்பாலான உறுப்பினர் திட்டங்கள் விற்பனையைத் தடை செய்கின்றன. கண்டுபிடித்தால் டிக்கெட்டை ரத்து செய்யவும் முடியும். விமான நிலையத்தில் பெட்டிகளோடு நிற்கும்போது அது தெரியவந்தால், கடைசி நிமிட விலையில் டிக்கெட் வாங்க நேரும்.

ஒன்பதாம் படி: முடிவும் பதிவும்

இப்போது உங்கள் தாளில் இரண்டு எண்கள் இருக்கும்: வவுச்சரால் உண்மையில் மிஞ்சும் தொகை, அதைப் பெற நீங்கள் கொடுப்பது. கொடுப்பது புள்ளியாக இருந்தால், அந்தப் புள்ளிகள் வேறு வழியில் தரக்கூடிய அதிகபட்ச மதிப்பை எழுதுங்கள். அட்டையின் ஆண்டுக் கட்டணமாக இருந்தால் அதை எழுதுங்கள். வவுச்சருக்காகவே ஓர் அட்டையை வைத்திருப்பவர்கள், அந்தக் கட்டணத்தைக் கழித்த பிறகும் எதாவது மிஞ்சுகிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பது அவசியம். முதல் எண் தெளிவாகப் பெரிதாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இருபது முப்பது ரிங்கிட் வித்தியாசம் என்றால் ரொக்கமே நல்லது, ஏனென்றால் ரொக்கத்தில் வாங்கிய டிக்கெட்டுக்கு வழக்கமாகப் புதிய புள்ளிகளும் சேரும்.

பதிவு செய்யும்போது நிபந்தனைப் பக்கத்தையும் இறுதித் தொகை காட்டும் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வவுச்சர் எண்ணைத் தட்டியபின் தொகை குறைந்ததா என்று பார்த்துவிட்டே அட்டை எண்ணைக் கொடுங்கள். குறையாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் கட்டிவிட்டால் பிறகு வவுச்சரைச் சேர்க்கப் பெரும்பாலும் வழியிருக்காது. டிக்கெட்டில் உள்ள பெயர் கடப்பிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். நம் பெயர்களில் மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கங்களான அ/லெ, அ/பெ இருப்பதால் குழப்பம் வர இடமுண்டு. வவுச்சர் டிக்கெட்டில் பெயரைத் திருத்துவது சாதாரண டிக்கெட்டைவிடச் சிக்கலாகலாம் என்பதால், பதிவு செய்த அன்றே சரிபார்த்து, தவறு இருந்தால் அன்றே அழைத்துச் சொல்லிவிடுங்கள்.